கேனிலிருந்து கருப்பை வரை

(பால் உற்பத்தியாளர்களும் கருவூட்டல் பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"மூணு ஊசி போட்டாச்சுங்க டாக்டர், சினை நிக்கலையே" என்ற குரலை நான் கேட்காத கிராமம் கிடையாது. அதற்குப் பிறகு வரும் பேச்சும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். மாட்டுக்குக் கருப்பையில் கோளாறு என்பார் ஒருவர். தாது உப்பு போதவில்லை என்பார் இன்னொருவர். காளையே சரியில்லை, அரசாங்கத்து ஊசி இப்படித்தான் இருக்கும் என்பார் மூன்றாமவர். சில மாடுகளில் இவை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் ஊசி என்று அவர்கள் சொல்லும் உறைவிந்துக் குச்சி, திரவ நைட்ரஜன் நிரப்பிய கேனைவிட்டு வெளியே வந்ததிலிருந்து மாட்டுக்குள் போகும்வரை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். என் அனுபவத்தில், காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும் மாடுகள் பலவற்றின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் ஒரு குச்சி நம் கைக்கு எப்படி வருகிறது என்று பார்ப்போம். தஞ்சாவூர்ப் பக்கம் ஈச்சங்கோட்டையிலும், உதகையிலும், சென்னைக்கு அருகே அலமாதியிலும் உறைவிந்து நிலையங்கள் இருக்கின்றன. அங்கே காளையைச் சேர்ப்பதற்கு முன் காசநோய், ஜோன்ஸ் நோய், கன்று வீச்சை உண்டாக்கும் புருசெல்லா என்று பல நோய்களுக்குப் பரிசோதனை செய்கிறார்கள். காளையிடமிருந்து எடுத்த விந்தை, முட்டையின் மஞ்சள் கருவும் கிளிசராலும் சேர்த்த கரைசலில் கலக்கிறார்கள். அதை 4 டிகிரிக்குக் குளிரவைத்துச் சில மணி நேரம் நிலைகொள்ள விட்டு, நைட்ரஜன் ஆவியில் உறையவைத்து, கடைசியில் திரவ நைட்ரஜனுக்குள் மூழ்கடிக்கிறார்கள். திரவ நைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். பிறகு ஒரு குச்சியை உருக்கி நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கிறார்கள். பாதி அணுக்களாவது முன்னோக்கி நீந்த வேண்டும்; நீந்தாவிட்டால் அந்தத் தொகுதி முழுவதும் கழிக்கப்படும். கால் மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சி ஒன்றுக்குள் குறைந்தது 2 கோடி விந்தணு இருக்க வேண்டும் என்பது நம் நாட்டின் தரநெறி.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. உறையும்போதே ஏறக்குறையப் பாதி அணுக்கள் செயலிழந்துவிடுகின்றன. எஞ்சிய பாதியை நம்பித்தான் குச்சி நம்மிடம் வருகிறது. அதற்கு மேல் இழக்க நம் கையில் எதுவும் இல்லை.

விந்தணுவை உறையவைத்து உயிரோடு மீட்கலாம் என்பதே உலகத்துக்கு 1949இல்தான் உறுதியாயிற்று. இங்கிலாந்தில் கிறிஸ்டபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் என்ற மூவர் சேவலின் விந்தணுவை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். பழச்சர்க்கரைக் கரைசல் என்று எண்ணி எடுத்த புட்டியில் கிளிசரால் இருந்தது. பெயர்ச்சீட்டு மாறிப்போயிருக்க வேண்டும் என்று பிறகு கண்டுகொண்டார்கள். அந்தக் கிளிசரால்தான் விந்தணுவைக் குளிரிலிருந்து காத்தது. இரண்டே ஆண்டில் உறைவிந்தில் மாட்டுக் கன்றும் பிறந்துவிட்டது. நம் நாட்டில் செயற்கைக் கருவூட்டல் அதற்கு முன்பே, 1939இல், மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் கையால் தொடங்கியிருந்தது. உறையவைக்காத விந்து அது.

தொடக்கத்தில் உறைவிந்தைத் திட கார்பன் டை ஆக்சைடில், அதாவது டிரை ஐஸில், மைனஸ் 79 டிகிரியில் வைத்திருந்தார்கள். நமக்கு அது கற்பனைக்கும் எட்டாத குளிர். விந்தணுவுக்கு அது போதவில்லை. மாதங்கள் போகப் போகச் சினை பிடிப்பது குறைந்துகொண்டே வந்தது. அதனால்தான் 1950களின் பிற்பகுதியில் திரவ நைட்ரஜனுக்கு மாறினார்கள். மைனஸ் 79இல்கூட விந்தணு பத்திரமாக இல்லை என்ற இந்தச் செய்தியை, கேனைத் திறக்கும் ஒவ்வொரு தம்பியும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் அப்படி? கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் வழியில் கொஞ்சம் இளகிவிட்டால் வீட்டில் மறுபடி பிரிட்ஜில் வைக்கிறோம். இறுகிவிடுகிறது. ஆனால் வாயில் வைத்தால் மணல் மணலாக நெருடுகிறது. இளகியபோது சின்னச் சின்னப் பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய படிகங்களாகிவிட்டன. குச்சிக்குள்ளும் இதுவே நடக்கிறது. மைனஸ் 130 டிகிரிக்கு மேலே ஏறத் தொடங்கினாலே படிகங்கள் வளர ஆரம்பிக்கும். மைனஸ் 80ஐத் தாண்டினால் விரைவாக வளரும். வளர்ந்த படிகம் விந்தணுவின் மெல்லிய சவ்வைக் கிழித்துவிடும். திரும்பவும் நைட்ரஜனுக்குள் அமுக்கினால் வெப்பநிலைதான் இறங்கும், கிழிந்த சவ்வு ஒட்டாது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல குச்சியும் கெட்ட குச்சியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நிறம் மாறாது, வாடை வராது. அதனால்தான் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. பழி மாட்டின் மேல் போய் விழுகிறது.

குளிர் அறுபடாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 1968இல் உறையவைத்த செம்மறிக் கிடாக்களின் விந்தைச் சிட்னி பல்கலைக்கழகத்தார் ஐம்பது ஆண்டு கழித்து எடுத்து 56 ஆடுகளுக்குச் செலுத்தினார்கள். 34 ஆடுகள் சினையாயின. நூற்றுக்கு 61. புதிதாக உறையவைத்த விந்தில் கிடைத்தது நூற்றுக்கு 59. 2019இல் இது வெளியாயிற்று. ஐம்பது ஆண்டு செய்யாத கேட்டை நம் கையில் ஐம்பது விநாடி செய்துவிடுகிறது.

இப்போது கேனின் கழுத்துக்கு வருகிறேன். இந்த உரையில் நீங்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போவதானால் அது இதுவாக இருக்கட்டும். கேனுக்கு அடியில் மைனஸ் 196. வாய் விளிம்பில் ஏறக்குறைய நம் அறையின் வெப்பம். இடையில் உள்ள ஒரு சாண் கழுத்துக்குள் அத்தனை வித்தியாசமும் அடங்கியிருக்கிறது. விளிம்பிலிருந்து 15 செ.மீ. கீழே சுமார் மைனஸ் 180 இருக்கும். 10 செ.மீ. கீழே மைனஸ் 100 முதல் 120. ஏழரை செ.மீ. கீழே மைனஸ் 80க்குப் பக்கம், அதாவது அபாய எல்லை. 5 செ.மீ. கீழே மைனஸ் 40தான். உள்ளே இருக்கும் நைட்ரஜன் மட்டத்தையும் வெயிலையும் பொறுத்து இவை சற்று மாறும், பாங்கு மாறாது.

நடைமுறையில் என்ன செய்கிறோம்? மதியம் பன்னிரண்டு மணி. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கேனைத் திறந்து, குச்சிகளைத் தாங்கும் கேனிஸ்டரை வாய்க்கு மேலே முழுதாகத் தூக்கிப் பிடித்து, வெயிலுக்குத் திருப்பி, "இதுல எது ஜெர்சி, எது எச்.எஃப்." என்று ஒவ்வொரு குச்சியாகப் புரட்டிப் பார்க்கிறோம். கூடவே செல்போனும் அடிக்கிறது. கால் மில்லிக் குச்சி 2 மில்லிமீட்டர் பருமன்தான். 35 டிகிரி காற்று பட்டால் அது சூடேறச் சில விநாடியே போதும். தேடி எடுத்த ஒரு குச்சியை உடனே உருக்கிவிடுகிறோம், அதற்குப் பெரிய பாதகம் இல்லாமல் போகலாம். ஆனால் அதே காப்லெட்டில், அந்தச் சிறு குவளையில், நின்ற மற்றக் குச்சிகளோ? அவை சூடேறி மறுபடி உள்ளே போகின்றன. அடுத்த வீட்டில் மறுபடி மேலே வருகின்றன. ஒவ்வொரு முறையும் பட்ட அடி சேர்ந்துகொண்டே போகிறது. உங்கள் மாட்டுக்குக் குச்சி தேடிய நேரத்தில் பக்கத்து ஊர்க்காரர் மாட்டின் கன்று போய்விடுகிறது. அவர் அதை ஒருநாளும் அறியப் போவதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது.

செய்ய வேண்டியதில் சிரமம் ஏதுமில்லை. எந்தக் கேனிஸ்டரில் எந்த இனம், எந்தக் காளை, எத்தனை குச்சி என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் தேடும் வேலையே இல்லை. கேனைத் திறப்பது நிழலில்; காற்றடிக்காத இடத்தில். கேனிஸ்டரை, கழுத்தின் உட்புறம் பனி படர்ந்திருக்கும் கோட்டுக்கு மேலே வரவிடாமல் தூக்க வேண்டும். இடுக்கியின் நுனியைக் கழுத்துக்குள் சற்று நேரம் குளிரவிட்டு, அந்த இடுக்கியால் குச்சியைப் பிடித்து எடுக்க வேண்டும். விரல் கூடவே கூடாது. ஐந்து விநாடி, மிஞ்சினால் எட்டு விநாடி. அதற்குள் கிடைக்கவில்லையா, கேனிஸ்டரைக் கீழே இறக்கி அரை நிமிடம் குளிரவிட்டு மறுபடி முயலுங்கள். ஒரு கேனிலிருந்து இன்னொரு கேனுக்குக் குச்சிகளை மாற்றும்போது இரண்டு கேனையும் ஒட்டி வைத்துக்கொண்டு, காப்லெட்டில் திரவம் தளும்பத் தளும்ப, நான்கைந்து விநாடிக்குள் மாற்றிவிட வேண்டும். திரவம் இல்லாத வெறும் காப்லெட்டைக் காற்றில் கொண்டுபோவது குச்சிகளை வெயிலில் காயப்போடுவதற்குச் சமம்.

அடுத்து உருக்குவது. 37 டிகிரி தண்ணீர், 30 விநாடி. இந்த இரண்டு எண்களையும் நாம் அனைவரும் பயிற்சியில் படித்திருக்கிறோம். படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டு உருக்குகிறோம். உள்ளங்கையில் உருட்டுகிறோம். விந்தைச் செலுத்தும் கருவியான கன்னுக்குள் உறைந்தபடியே ஏற்றி, மாட்டுக்குள் போய் உருகிக்கொள்ளும் என்று விடுகிறோம். குச்சி மெல்ல உருகினால், படிகம் வளரும் அந்த அபாய வெப்பநிலைகளில் நெடுநேரம் தங்கித் தங்கி மேலே வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் அந்த இடத்தைக் கணத்தில் தாண்டிவிடும். நிலையத்தில் உருக்கிப் பார்த்துத் தரம் சொன்னதும் வெதுவெதுப்பான தண்ணீரில்தான். பையில் உருக்கினால் அந்தத் தரத்துக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

தண்ணீரின் சூட்டை விரலால் பார்ப்பதையும் விட்டுவிட வேண்டும். வெயிலில் வண்டி ஓட்டி வந்தவன் விரலுக்கு ஒரு சூடு, மழையில் நனைந்து வந்தவன் விரலுக்கு இன்னொரு சூடு. ஒரு சிறு தெர்மாமீட்டர், ஒரு அகன்ற வாய்த் தெர்மாஸ், இரண்டும் பையில் இருந்தால் போதும். வீட்டுக்கார அம்மா அடுப்பில் காய்ச்சித் தரும் வெந்நீரில் குழாய்த் தண்ணீரை விளாவி, தெர்மாமீட்டர் 37 காட்டும்போது குச்சியைப் போடுங்கள். வாட்சைப் பார்த்து 30 விநாடி எண்ணுங்கள்.

வெளியே எடுத்ததும் பஞ்சாலோ டிஷ்யூ காகிதத்தாலோ ஈரம் போகத் துடைக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்தானே என்று விடக்கூடாது. தண்ணீர் கலந்தால் விந்தணு அதை உறிஞ்சி ஊதி வெடித்துவிடும். துடைத்த குச்சியின் மேல் அச்சிட்டிருக்கும் நிலையத்தின் பெயர், இனம், காளை எண், தேதி இவற்றைப் படித்துப் பதிவேட்டில் எழுதுங்கள். மாட்டுக்காரர் அட்டையிலும் எழுதுங்கள். பின்னாளில் அந்த மாட்டுக்குப் பிறக்கும் கிடேரிக்கு அதன் தகப்பன் காளையின் ஊசியையே போட்டுவிடாமல் காப்பது இந்த ஒரு வரிதான்.

பஞ்சு அடைத்த முனை கன்னுக்குள் போக வேண்டும். மறு முனையை, காற்றுக்குமிழி இருக்கும் இடத்தில், நேராக வெட்ட வேண்டும். சாய்வாக வெட்டினால் குச்சி, கன்னின் மேலுறையான ஷீத்தில் சரியாகப் பொருந்தாது. அழுத்தும்போது விந்து முன்னே போகாமல் ஷீத்துக்குள்ளேயே பின்வாங்கிவிடும். மாட்டுக்குள் பாதிதான் போயிருக்கும். இதையும் வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. வெட்டு நேராக இருந்ததா என்பதைப் பொறுத்து ஒரு கன்று பிறக்கும், அல்லது பிறக்காது.

குளிர் நாட்டுப் புத்தகங்களில் கன்னைக் கையால் தேய்த்துச் சூடாக்கச் சொல்லியிருப்பார்கள். உதகையிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் காலையில் அது சரி. சமவெளியில் சித்திரை மாதத்தில் நம் தொல்லை நேர்மாறானது. வண்டியின் பெட்டியில் வெயில் காய்ந்த கன் கையைச் சுடுகிறது. உருகிய விந்தணு 40 டிகிரிக்கு மேலே தாங்காது. கன்னைத் துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். ஏற்றிய கன்னை வெயில் படாமல் சட்டைக்குள் மறைத்து மாட்டிடம் கொண்டுபோங்கள்.

உருக்கிய குச்சிக்கு ஆயுள் பத்து நிமிடம், அதிகம் போனால் பதினைந்து. ஆகவே வரிசை முக்கியம். முதலில் மாட்டைக் கட்டித் தடுப்புக்குள் நிறுத்துங்கள். கை விட்டுப் பார்த்து, பருவத்தில்தான் இருக்கிறது, ஏற்கெனவே சினையில்லை என்று உறுதி செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் கேனைத் திறக்க வேண்டும். குச்சியை உருக்கிவிட்டு மாட்டைப் பிடிக்க ஆள் தேடும் வழக்கம் இருக்கிறதே, அது ஒழிய வேண்டும். இரண்டு மூன்று மாடு காத்திருக்கிறது என்று எல்லாக் குச்சியையும் ஒரே நேரத்தில் உருக்குவதும் வேண்டாம்.

செலுத்தும் முறையைப் பற்றி இங்கே விரிவாகப் பேசப் போவதில்லை. அது கையில் பழக வேண்டியது. கருப்பை வாயின் வளையங்களைத் தாண்டியதும் உள்ள கருப்பை உடலில், மெல்ல, ஐந்து எண்ணும்வரை அழுத்தி விட வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நேரத்தைப் பற்றி மாட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் பருவம் கண்டால் அன்று மாலை, மாலையில் கண்டால் மறுநாள் காலை. கண்ணாடி போன்ற வழும்பு தொங்குகிறதா, மற்ற மாடு தாவும்போது அசையாமல் நிற்கிறதா என்று அதிகாலையிலும் இருட்டும் நேரத்திலும் பார்ப்பது உங்கள் வேலை. ஒரு பருவம் தவறினால் இன்னும் 21 நாள், பால் வருமானம் தள்ளிப்போக, தீவனம் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

கேனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கேனுக்குள் இருக்கும் உட்பாத்திரம் கழுத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. இரண்டு சுவர்களுக்கும் இடையே வெற்றிடம். மேடு பள்ளத்தில் வண்டி குதித்தால் அந்தக் கழுத்துதான் அடி வாங்கும். மரப்பெட்டிக்குள் வைக்கோலோ ஸ்பாஞ்சோ வைத்து நிமிர்த்திக் கட்டுங்கள், உருட்டாதீர்கள், சாய்க்காதீர்கள். ஈரமான சிமெண்டுத் தரையில் வைத்தால் அலுமினியம் அரிக்கும், அடியில் பலகை போடுங்கள். வெளிச்சுவரிலோ கழுத்துக்கு வெளியிலோ பனி பூத்திருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று பொருள். அந்தக் கேனில் உள்ள குச்சிகளை அப்போதே வேறு கேனுக்கு மாற்றிவிட வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்பதற்கு இடமில்லை. மரக்குச்சியை உள்ளே விட்டுச் சில விநாடி கழித்து எடுத்து ஆட்டினால் பனி படிந்த உயரம் நைட்ரஜன் மட்டத்தைக் காட்டும். அது மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கவே கூடாது. தேதி போட்டு எழுதி வைத்தால், திடீரென வேகமாக இறங்கும் கேன் தானே காட்டிக்கொடுக்கும்.

உங்கள் உயிரைப் பற்றியும் சொல்கிறேன். ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் ஏறக்குறைய 700 லிட்டர் வாயு. நிறமோ மணமோ இல்லாத அந்த வாயு, மூடிய அறையில் பிராணவாயுவை வெளியே தள்ளிவிடும். மூச்சு முட்டுகிறது என்று உணர்வதற்குள் ஆள் மயங்கி விழுந்துவிடுவார். கண்ணாடி ஏற்றிய காருக்குள் கேனை வைத்துப் பயணம் போகாதீர்கள். கேனின் வாயை இறுக அடைத்தாலும் அழுத்தத்தில் வெடிக்கும்; அதோடு வந்த தளர்ந்த மூடி போதும். ஊற்றும்போது கண்ணுக்கும் கைக்கும் பாதுகாப்பு வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டுப் பணியாளரை மட்டும் குற்றவாளியாக்கி இறங்கிவிட என் மனம் ஒப்பாது. ஒரே நாளில் ஏழெட்டு ஊர் சுற்றும் ஒருவருக்கு நைட்ரஜன் குறித்த நாளில் வராவிட்டால் அவர் என்ன செய்வார்? சிறிய மூன்று லிட்டர்க் கேனில் மட்டம் இறங்கிக்கொண்டிருக்க, வண்டி நாளை வரும் என்று காத்திருக்கும் நிலையை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். நைட்ரஜன் விநியோகம் பால் வண்டிபோலக் குறித்த நாளில், குறித்த நேரத்தில் வர வேண்டும். இதைக் கால்நடைத் துறையும் பால் ஒன்றியமும் கடமையாகக் கொள்ள வேண்டும். கெட்டுப்போன கேனுக்கு மாற்றுக் கேன் கேட்டால் மாதக்கணக்கில் இழுத்தடிக்கக் கூடாது. இன்னொன்றும் உண்டு: பாலினம் பிரித்த உறைவிந்து இப்போது பரவி வருகிறது. அதன் குச்சியில் விந்தணு, சாதாரணக் குச்சியில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். விலையோ அதிகம். சாதாரணக் குச்சி பொறுத்துக்கொண்ட சிறு தவறுகளை அது பொறுக்காது. கையாளும் முறையைச் சீர்செய்யாமல் விலை கூடிய குச்சியை வாங்கிப் பயன் இல்லை.

பால் கூட்டுறவுச் சங்கத் தலைவர்களும் செயலாளர்களும் இங்கே நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். சங்கத்துக்கு ஒரு தெர்மாமீட்டர், ஒரு தெர்மாஸ், ஒரு கட்டு டிஷ்யூ காகிதம், நிழல் விழும் ஒரு தடுப்பு, இவற்றை இந்த மாதமே ஏற்பாடு செய்யுங்கள். பெரிய செலவு இல்லை. தாய்மார்களே, அடுத்த முறை உங்கள் மாட்டுக்கு ஊசி போட வரும் தம்பிக்கு வெந்நீரும் நிழலும் கொடுங்கள். தண்ணீர் 37 டிகிரி இருக்கிறதா, காளை எண் என்ன என்று கேளுங்கள். தம்பிகளே, அவர்கள் கேட்டால் கோபித்துக்கொள்ளாமல் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டுங்கள்.